ஹிஞ்சவடியில் எழுதி ரஞ்சன்காவில் ஓட்டுவது: லைப்ரரி பதிப்பு மோதல்கள்

புனேயிலிருந்து அகில்யாநகர் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டரில் ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயிலால் பெயர் பெற்ற ஊர், இன்று எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையாலும். டாடாவும் கூட்டாளியாக உள்ள ஃபியட் இந்தியா கார் ஆலை, எல்.ஜி., வேர்ல்பூல், ஹையர் ஆகியவற்றின் வீட்டு உபயோகப் பொருள் ஆலைகள், உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய கூடங்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. பேட்டையின் மூன்றாம் கட்டத்தில் 492.85 கோடி ரூபாய் செலவில் மின்னணு உற்பத்தித் தொகுப்பு ஒன்றுக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது.

இப்படிப்பட்ட ஆலைகளில் லைன் முடிவில் நிற்கும் சோதனைக் கருவி, கேமரா வைத்துக் குறை பார்க்கும் நிலையம், பார்கோடு படித்து சர்வருக்கு அனுப்பும் பெட்டி ஆகியவற்றுக்கான மென்பொருள் பெரும்பாலும் வேறிடத்தில் எழுதப்படுகிறது. ஹிஞ்சவடியாக இருக்கலாம், கோயம்புத்தூராக இருக்கலாம். ஹிஞ்சவடி புனேயின் மேற்கு விளிம்பு, ரஞ்சன்காவ் வடகிழக்கில். நடுவில் நகரத்தின் மொத்த நெரிசலும், கடைசியில் வாகோலியும். தூரத்தைவிடப் பெரிய இடைவெளி காலத்தில் இருக்கிறது. எழுதுகிறவரின் மடிக்கணினி போன வருடம் வாங்கியது, மாதாமாதம் அப்டேட் ஆவது. ஓட்டுகிற கணினி லைன் போட்ட அன்று வந்தது. லைன் இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதில் கைவைக்க யாருக்கும் அனுமதி கிடையாது, கொடுக்கவும் கூடாது. "என் மிஷின்ல ஓடுதே சார்" என்ற வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான்.

லைப்ரரி பதிப்புகள் ஒத்துப்போகாததால் வரும் லிங்கர் பிழைகளை எதிர்கொள்கிற பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி, "எது காணவில்லை?" என்பது. உடனே ஒரு தொகுப்பை நிறுவுகிறார்கள், அதற்குத் துணையாக இன்னொன்று, அது இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. என் அனுபவத்தில் இந்தக் கேள்வியே பாதி நோய். லைப்ரரி காணாமல் போவது அபூர்வம். ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன, கம்பைலர் ஒன்றைப் பார்த்தது, லிங்கர் மற்றொன்றைப் பார்த்தது என்பதே வழக்கம். அதைச் சொல்லி லிங்கர் வேலையை நிறுத்திவிட்டால் நல்ல காலம். சொல்லாமல் இணைத்துக் கொடுத்துவிட்டால்தான் மூன்றாவது ஷிப்டில் லைன் நிற்கும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வகைகளையும் நான் அளப்பது இந்த ஒரே கோலால்: பிழை எவ்வளவு சீக்கிரம் வாய் திறக்கிறது?

மூன்று தருணங்கள்

ஒரு சி அல்லது சி++ நிரல் லைப்ரரியை மூன்று முறை சந்திக்கிறது. கம்பைல் ஆகும்போது ஹெடர் கோப்பைப் பார்க்கிறது. எந்தச் சார்பு உண்டு, அதற்கு என்ன வகைத் தரவு கொடுக்க வேண்டும், ஒரு ஸ்ட்ரக்சரில் எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதெல்லாம் அங்கிருந்து வருகிறது. லிங்க் ஆகும்போது லிங்கர் லைப்ரரிக் கோப்பில் பெயர்களை மட்டும் ஒப்பிடுகிறது. ஓடத் தொடங்கும்போது, பகிர்வு லைப்ரரியாக இருந்தால், லோடர் அந்தக் கணினியில் கிடைப்பதை எடுத்துப் பொருத்துகிறது. அளவெடுத்த தையல்காரர் ஒருவர், துணி வெட்டியவர் இரண்டாமவர், தைத்தவர் மூன்றாமவர். மூவரும் ஒரே சீட்டைப் பார்த்தார்களா என்று கேட்க நான்காவதாக ஆள் கிடையாது.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் இத்தனை இல்லை. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் துணைநிரல் நூலகத்தை உருவாக்கிய காலத்தில் லைப்ரரி என்பது அலமாரியில் இருந்த காகித நாடாக்கள். தேவையான நாடாவை எடுத்துத் தன் நிரலோடு சேர்த்துக்கொள்வார்கள். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அதைப் பற்றி 1951-இல் எழுதிய புத்தகம்தான் நிரலாக்கத்தின் முதல் பாடநூல்களில் ஒன்று. சேர்த்தது சேர்த்ததுதான், பிறகு யாரும் மாற்ற முடியாது. 1988-இல் சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0 பகிர்வு லைப்ரரிகளைப் பரவலாக்கியது. வட்டிலும் நினைவகத்திலும் இடம் மிச்சமாயிற்று. கூடவே, இணைப்பு வேலையின் கடைசிப் பகுதி நிரல் எழுதியவரின் மேசையை விட்டு வாடிக்கையாளரின் கணினிக்குப் போய்விட்டது. இன்றைய தொல்லையின் பெரும்பகுதி அந்த இடமாற்றத்தின் விளைவு.

யுனிக்ஸ் உலகம் இதற்குக் கண்டுபிடித்த முதல் கட்டுப்பாடு எஸ்.ஓ. பெயர். லைப்ரரியின் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு முதன்மை எண் வரும். பழைய நிரல்களை உடைக்கும் மாற்றம் செய்தால் எண்ணைக் கூட்ட வேண்டும். நிரல் தனக்குள் அந்த எண்ணோடு சேர்த்தே பெயரைக் குறித்து வைத்திருக்கும். எண் வேறு என்றால் லோடர் திறக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணைக் கூட்டுவது லைப்ரரி எழுதியவரின் நேர்மையைப் பொறுத்தது. லிங்க் செய்யும் நேரத்தில் எண்ணில்லாத பெயரைத்தான் தேடுகிறார்கள் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. அந்த எண்ணில்லாப் பெயர் எந்தப் பதிப்பைச் சுட்டுகிறதோ அதுதான் இணையும்.

ஒரு சார்பின் மூன்று வயது

கேமரா நிலையங்களில் அதிகம் பார்க்கப்படும் பிழை, படங்களை அலசும் ஓப்பன்சிவி லைப்ரரி சார்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்க்கும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நிரலில் முதல் வேலை படத்தைக் கோப்பிலிருந்து படிப்பது. அதற்கான சார்பு இம்ரீட். கம்பைல் சுத்தமாக முடிகிறது. லிங்க் செய்யும்போது, "இம்ரீட் என்ற சார்புக்கு வரையறை கிடைக்கவில்லை" என்று லிங்கர் சொல்கிறது. லைப்ரரி அங்கேயே இருக்கிறது. என்.எம். கருவியால் திறந்து பார்த்தால் இம்ரீட் என்ற பெயரும் உள்ளே இருக்கிறது. பிறகென்ன?

பிழைச் செய்தியை முழுவதும் படிக்க வேண்டும். சி++ மொழியில் லிங்கர் பார்க்கும் பெயர் என்பது சார்பின் பெயரும் அது வாங்கும் தரவு வகைகளும் சேர்ந்த நீண்ட சங்கிலி. இம்ரீட் வாங்கும் முதல் தரவு கோப்பின் பெயர், அதாவது ஒரு ஸ்டிரிங். ஓப்பன்சிவி 2.4-இல் அது சி++ மொழியின் சொந்த ஸ்டிரிங். 2015-இல் வந்த 3.0-இல் ஓப்பன்சிவி தனக்கென்று ஒரு ஸ்டிரிங் வகுப்பை வைத்துக்கொண்டது. 2018 நவம்பரில் வந்த 4.0-இல் அதைக் கைவிட்டு மறுபடி மொழியின் ஸ்டிரிங்கிற்கே திரும்பியது. ஆகவே லிங்கர் தேடும் பெயரில் ஓப்பன்சிவியின் சொந்த ஸ்டிரிங் தெரிந்தால், உங்கள் ஹெடர் 3-ஆம் தலைமுறை. லைப்ரரியில் இருப்பது மொழியின் ஸ்டிரிங் என்றால் அது 2.4 அல்லது 4. எந்த இரண்டு பதிப்பு மோதுகிறது என்பதை அந்த ஒற்றை வரியிலிருந்தே சொல்லிவிடலாம். இதற்காக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதும் தெரிந்ததே. முன்பு யாரோ மூலநிரலிலிருந்து 3-ஐக் கட்டி லோக்கல் கோப்பகத்தில் போட்டிருப்பார். பின்னர் இன்னொருவர் 4-ஐ நிறுவியிருப்பார். 4 தன் ஹெடர்களை ஓப்பன்சிவி4 என்ற தனிக் கோப்பகத்துக்குள் வைக்கிறது. கம்பைலருக்கு அந்த வழியைச் சொல்ல மறந்தால் அது பிழை கொடுக்காமல், பழைய இடத்தில் கிடக்கும் 3-இன் ஹெடரை எடுத்துக்கொள்கிறது. லிங்கரோ எண்ணில்லாப் பெயரைத் தேடி 4-ஐ எடுக்கிறது. உபுண்டு 18.04-இன் களஞ்சியத்தில் இருந்தது 3.2, 20.04-இல் 4.2 என்பதையும் சேர்த்துக்கொண்டால், இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் இந்தப் பிழை ஏன் முளைக்கிறது என்று புரியும். 2.4-இலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பள்ளம்: இம்ரீட் அப்போது ஹைகுய் பகுதியில் இருந்தது, 3-இலிருந்து தனிப் பகுதிக்குப் போய்விட்டது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. இம்ரீட் பிழை கொடுத்தது, அதன் பெயருக்குள் ஸ்டிரிங் இருந்ததால் மட்டுமே. படத்தைச் சிறிதாக்கும் ரீசைஸ் போன்ற சார்புகள் ஸ்டிரிங் வாங்குவதில்லை. 3-இலும் 4-இலும் ரீசைஸின் சங்கிலிப் பெயர் ஒன்றேதான். அது ஒரு முனகலும் இல்லாமல் இணைந்துவிடும். நிரல் கோப்பைப் படிக்காமல் கேமராவிலிருந்து நேரே படம் வாங்கியிருந்தால், ஸ்டிரிங் எங்கும் வராமல் போயிருந்தால், மோதல் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. பிழை வராமல் செய்வதற்காக இம்ரீட் வரியை மட்டும் நீக்கிவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்.

குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் கதையும் இதே குடும்பம். 2016 ஆகஸ்டில் வந்த 1.1.0-இல், லைப்ரரியைத் தொடங்கி வைக்கும் பழைய சார்பு ஹெடரில் ஒரு மாக்ரோவாக மாறியது. லைப்ரரிக்குள் அந்தப் பெயர் மறைந்தது. பழைய ஹெடரோடு கம்பைல் செய்து புதிய லைப்ரரியோடு இணைத்தால் லிங்கர் உடனே நிறுத்தும். ஆலையிலிருந்து எம்க்யூடிடி வழியாகத் தரவு அனுப்பும் நிரல்களில் இது சகஜம். 2022-இல் உபுண்டு 22.04 தன் களஞ்சியத்திலிருந்து 1.1-ஐ எடுத்துவிட்டு 3-ஐ மட்டும் வைத்தபோது, பழைய நிரல்கள் ஓடத் தொடங்கும் முன்பே நின்றன. இரண்டுமே வெளிப்படையாகக் கத்தும் பிழைகள். ஆகவே என் அளவுகோலில் இவை நல்ல பிழைகள்.

ஜிசிசி 5 விட்டுச் சென்றது

2011-இல் வந்த சி++ தரம், ஸ்டிரிங்குகள் ஒரே நினைவிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பழைய உத்தியை அனுமதிக்கவில்லை. ஜிசிசி கம்பைலர் அந்த உத்தியைத்தான் கையாண்டு வந்தது. 2015 ஏப்ரலில் வந்த ஜிசிசி 5 புதிய ஸ்டிரிங்கைக் கொண்டுவந்தது. பழையதை உடைக்காமல் இருக்க, புதிய ஸ்டிரிங்கின் சங்கிலிப் பெயருக்குள் சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற முத்திரையைக் குத்தினார்கள். லிங்கர் பிழையில் அந்த முத்திரை தெரிந்தால் நோய்க்குறி உறுதி: ஒரு பக்கம் புதிய ஸ்டிரிங், மறுபக்கம் பழைய ஸ்டிரிங். கம்பைல் செய்யும்போது ஒரு மாக்ரோவுக்கு 0 கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் நிரலின் எல்லாக் கோப்புகளும், அது தொடும் எல்லா சி++ லைப்ரரிகளும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

இந்த முத்திரையைக் குத்தியவர்களை மெச்சத்தான் வேண்டும். பெயரை மாற்றாமல் உள்ளமைப்பை மட்டும் மாற்றியிருந்தால் உலகம் முழுவதும் நிரல்கள் எங்கோ ஓரிடத்தில் தற்செயலாகச் செத்துக்கொண்டிருக்கும். மாறாக லிங்கரே மறுக்கும்படி செய்தார்கள். அதற்காக அவர்கள் வாங்கிய திட்டு ஏராளம். குறைகண்டுபிடிக்கும் நியூரல் நெட்வொர்க்கை ஆலைக் கணினியில் ஓட்ட லிப்டார்ச் தேடிப் போனவர்கள், லினக்சுக்கு அது இரண்டு ஜிப் கோப்புகளாகப் பல வருடம் கிடைத்ததைப் பார்த்திருப்பார்கள்: ஒன்று பழைய ஸ்டிரிங்குக்கு, ஒன்று புதியதற்கு. தவறான ஜிப்பை எடுத்தால் நூற்றுக்கணக்கில் பிழை வரிகள் கொட்டும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே.

இணைந்த பிறகு மறுப்பது

ஹிஞ்சவடியில் எல்லாம் சரியாக இணைந்து, பென்டிரைவில் ஏறி, ரஞ்சன்காவில் இறங்கிய பிறகு வரும் பிழைகளில் முதலிடம் ஜிலிப்சிக்கு. லினக்சில் ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் அடிப்படை சி லைப்ரரி அது. அதன் எஸ்.ஓ. எண் 1997 வாக்கில் 6 ஆனதோடு சரி, இன்றுவரை மாறவில்லை. மாற்றங்களை அது வேறு விதமாகக் கையாள்கிறது: ஒவ்வொரு சார்பின் பெயருக்கும் அது எந்தப் பதிப்பில் வந்தது என்ற சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஒரு சார்பின் நடத்தை மாறினால் பழையதும் புதியதும் இரண்டு சீட்டுகளோடு உள்ளே அருகருகே இருக்கும். அதனால் பழைய நிரல் புதிய கணினியில் ஓடும். புதிய நிரல் பழைய கணினியில் ஓடுமென்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34 இந்த ஒருவழிப் பாதையை எல்லோருக்கும் உணர்த்தியது. அதுவரை தனியாக இருந்த திரெட் லைப்ரரியை சி லைப்ரரிக்குள் சேர்த்தார்கள். நிரலைத் தொடங்கி வைக்கும் சார்புக்கும் 2.34 என்ற புதிய சீட்டு ஒட்டப்பட்டது. விளைவு, உபுண்டு 22.04-இல் கட்டிய இரண்டு வரி நிரல்கூட 20.04-இல் ஓடாது, அங்கே இருப்பது 2.31. புதிய வசதி எதையும் தொடாத நிரல் இது என்று வாதாடிப் பயனில்லை. நிரலுக்குள் எந்தெந்தச் சீட்டுகள் கேட்கப்படுகின்றன என்பதை ஆப்ஜ்டம்ப் கருவியால் பட்டியலிட்டு, அதில் மிகப் பெரிய எண்ணைப் பார்த்தால் போதும். பென்டிரைவில் ஏற்றும் முன் செய்யக்கூடிய வேலை இது, ஒரு நிமிடம் ஆகாது. ஏனோ செய்ய மாட்டார்கள்.

பெரிய இடங்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன. 2024 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட், தொலைவிலிருந்து இணைக்கும் சர்வர்களில் குறைந்தது ஜிலிப்சி 2.28 வேண்டும் என்றது. சென்டோஸ் 7-இல் இருப்பது 2.17. அந்த இயங்குதளத்தின் ஆதரவே 2024 ஜூன் 30 வரைதான் என்றாலும், அதை நம்பியிருந்த ஆய்வுக்கூடங்களும் நிறுவனங்களும் கொதித்ததில், இன்னும் ஒரு வருடம் ஓட்டிக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள்.

சீட்டு ஒட்டும் முறையின் அருமையைக் காட்டும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 2010-இல் ஃபெடோரா 14-இல் அடோபி ஃபிளாஷ் வழியே வந்த ஒலி கரகரத்தது. நினைவகத்தில் ஒரு பகுதியை நகலெடுக்கும் மெம்கேப்பி சார்பை ஜிலிப்சியில் வேகமாக்கியிருந்தார்கள். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் என்ன ஆகும் என்று அந்தச் சார்பு என்றுமே உறுதி சொன்னதில்லை, ஆனால் ஃபிளாஷ் அதை நம்பியிருந்தது. தவறு ஃபிளாஷினுடையது என்றார்கள் ஜிலிப்சிகாரர்கள். பயனருக்கு அதைப் பற்றி என்ன கவலை என்று லினஸ் டோர்வால்ட்ஸ் பிழை அறிக்கையிலேயே இறங்கி வாதாடினார். கடைசியில் ஜிலிப்சி 2.14-இல் வேக மெம்கேப்பிக்குப் புதிய சீட்டு கிடைத்தது. பழைய சீட்டைக் கேட்கும் நிரல்களுக்குப் பழைய, பத்திரமான நடத்தை திரும்பியது. இன்றும் பழைய கணினியில் "மெம்கேப்பி, ஜிலிப்சி 2.14 கிடைக்கவில்லை" என்று பிழை வந்தால் அதன் வேர் அந்த ஒலிக் கரகரப்பு.

போர்டுகளும் விண்டோஸும்

மின்னணுத் தொகுப்பு வரும் இடத்தில் ஏஆர்எம் சில்லுகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இங்கே பகிர்வு லைப்ரரி பெரும்பாலும் கிடையாது, எல்லாம் ஒரே கட்டாக இணைந்து சில்லுக்குள் போகும். ஆகவே மோதல்கள் லிங்கரிடமே பிடிபடும். மிகப் பிரபலமானது தசம எண்கள் பற்றியது. சில ஏஆர்எம் சில்லுகளில் தசமக் கணக்குக்குத் தனிப் பதிவேடுகள் உண்டு. ஒரு லைப்ரரி அவற்றின் வழியாக எண்ணை அனுப்பும்படி கட்டப்பட்டிருக்கும். இன்னொன்று சாதாரணப் பதிவேடுகள் வழியாக. இரண்டையும் இணைத்தால் வெப்பநிலை அளவு என்று ஒரு சார்பு அனுப்புவதை மற்றது வேறு இடத்தில் தேடும். லிங்கர் இதைப் பார்த்து, ஒரு கோப்பு விஎஃப்பி பதிவேடுகளைப் பயன்படுத்துகிறது, மற்றது இல்லை என்று சொல்லி நிறுத்திவிடும். கோப்புக்குள் இதற்கென்றே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். பெயர்களை மட்டும் ஒப்பிடும் லிங்கருக்கு இப்படிக் கூடுதல் தகவல் கொடுத்தது புத்திசாலித்தனம்.

விண்டோஸ் பக்கமும் இதே யோசனை 2010-இல் வந்தது. ஆலைக் கணினிகளில் விண்டோஸே அதிகம் என்பதால் இது முக்கியம். விஷுவல் ஸ்டுடியோ 2008, 2010, 2012, 2013 என்று ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று ஒரு சி இயக்கநேர லைப்ரரியோடு வந்தது. ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை மற்றதில் விடுவித்தால் நிரல் விழும். 2010-இலிருந்து சி++ ஆப்ஜெக்ட் கோப்புகளில் கம்பைலரின் பதிப்பு எழுதப்பட்டு, ஒத்துப்போகாவிட்டால் எல்என்கே2038 என்ற எண்ணோடு லிங்கர் நிறுத்துகிறது. 2015-இலிருந்து 2022 வரையிலான பதிப்புகள் ஒன்றோடொன்று இணையும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுத்த பிறகு நிலைமை தேவலை. ஆனால் ஆலைக்கு வந்த பார்கோடு கருவியோடு கிடைத்த லைப்ரரி 2008-இல் கட்டப்பட்டதாக இருந்தால் இந்த உறுதி உதவாது. ஐஓபி என்ற பெயரைத் தேடியும் கிடைக்கவில்லை என்று அப்போது பிழை வரும்: பழைய ஸ்டாடிக் லைப்ரரி, 2015-இல் ஒழிந்த ஒரு சார்பை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இணையத்தில் அதற்குக் கிடைக்கும் நாலு வரி ஒட்டுப்போடு, பெயரைப் பொய்யாக வரையறுத்து லிங்கரின் வாயை அடைக்கிறது. உள்ளே ஸ்ட்ரக்சர் வேறு. அச்சிடும் முதல் வரியில் நிரல் விழலாம், விழாமலும் இருக்கலாம்.

கேட்டு நிற்கும் லைப்ரரிகள்

லிங்கரால் பார்க்க முடியாததைத் தானே சோதித்துக்கொள்ளும் லைப்ரரிகள் சில உண்டு. புனே மாவட்டத்திலேயே, நாராயண்காவ் அருகே கோடாட்டில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளோடு ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. அது போன்றவற்றின் தரவை வானியல் உலகம் பரிமாறும் வடிவம் ஃபிட்ஸ். அதைப் படிக்க நாசா பராமரிக்கும் லைப்ரரி சிஃபிட்சியோ. இதன் ஹெடருக்குள் ஒரு எண் இருக்கிறது. நிரல் கோப்பைத் திறக்கும்போது, ஹெடரில் கம்பைல் ஆன எண்ணும் லைப்ரரி கட்டப்பட்ட எண்ணும் வேறாக இருந்தால் அது இரண்டையும் அச்சிட்டு, மறுபடி கம்பைல் செய்து மறுபடி இணையுங்கள் என்று சொல்லி மறுத்துவிடும். எச்டிஎஃப்5 இன்னும் கடுமை: பதிப்பு ஒத்துப்போகவில்லை, தொடர்ந்தால் தரவு சிதையலாம் என்று எச்சரித்து நிரலையே நிறுத்தும்.

எச்டிஎஃப்5-இன் இந்தச் சோதனையை ஒரு சூழல் மாறியால் அணைத்து வைக்கலாம். "மாறிக்கு 1 கொடுங்கள், சரியாகிவிடும்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் பலர். சரியாவதில்லை, நிரல் நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவே. ஆலையில் சேரும் அளவீடுகள் வாடிக்கையாளர் தணிக்கைக்குப் போகிறவை. அவை எழுதப்படும் கோப்பில் இந்தச் சூதாட்டத்தை நான் ஒப்ப மாட்டேன்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு கைவைத்தியங்கள் உண்டு. புதிய லைப்ரரிக்குப் பழைய எண்ணில் ஒரு குறுக்குச்சுட்டு போட்டு லோடரை ஏமாற்றுவது முதலாவது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ 1.1 என்று பெயரிட்டு வைத்தால் சீட்டுச் சோதனை அதைப் பிடித்துவிடும். சீட்டு ஒட்டாத சிறு லைப்ரரிகளில் பிடிக்காது. இரண்டாவது, புதிய ஜிலிப்சியைப் பழைய கணினியின் முதன்மைக் கோப்பகத்தில் நகலெடுத்துப் போடுவது. அடுத்த நொடி கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாது, திருத்துவதற்கான கட்டளைகளும் ஓடா. பிறகு யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யத்தான் வேண்டும், அந்தக் கணினியில் யூஎஸ்பி பூட் அணைக்கப்பட்டிருக்கும்.

கண்டுபிடிக்கும் வழியில் பெரிய ரகசியம் இல்லை. லிங்கர் எந்தக் கோப்பைத் திறந்தது என்று அதனிடமே ட்ரேஸ் விருப்பத்தால் கேட்கலாம். கம்பைலர் எந்த ஹெடரைத் திறந்தது என்றும் அதேபோலக் கேட்கலாம். இந்த இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி வழக்குகள் முடிந்துவிடும். ஓடும் நேரத்துக்கு, எல்டிடி காட்டுவது போதாதபோது லோடரின் டீபக் மாறி ஒவ்வொரு கோப்பகமாக அது தேடிய கதையைச் சொல்லும். இங்கே ஒரு நுணுக்கம். நிரலுக்குள் லைப்ரரிப் பாதையைப் பதித்து வைக்க ஆர்பாத், ரன்பாத் என்று இரண்டு வகை உண்டு. உபுண்டு போன்றவற்றில் இயல்பாகப் பதிவது ரன்பாத். அது நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிக்கு மட்டும் செல்லும். அந்த லைப்ரரி கேட்கும் அடுத்த லைப்ரரிக்குச் செல்லாது. எல்லாம் ஒரே கோப்பகத்தில் இருந்தும் ஒன்று மட்டும் பழைய இடத்திலிருந்து ஏறுகிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இதை. கணினியில் தொகுப்பு மேலாளரான கோண்டா இருந்தால் முதலில் அதை விலக்கிவிட்டுப் பார்ப்பது நல்லது. அது தன் சொந்த சி++ லைப்ரரியோடு வந்து எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றுகொள்ளும்.

எதைக் கையோடு எடுத்துப் போவது

தீர்வுகள் பற்றிய விவாதம் முப்பது வருடமாக நடக்கிறது. எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே ஸ்டாடிக்காக இணைத்துவிடு என்பது ஒரு கட்சி. கணினியில் உள்ளதைப் பகிர்ந்துகொள், அப்போதுதான் பாதுகாப்புத் திருத்தம் ஒரே இடத்தில் முடியும் என்பது எதிர்க்கட்சி. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது இரண்டாம் கட்சியின் கை ஓங்கியது: ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியை மாற்றி, சேவைகளை மறுதொடக்கம் செய்ததும் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஒரே வீச்சில் சரியாயின. இணையத்தைத் தொடும் சர்வருக்கு அந்த வாதம் இன்றும் செல்லும். லைன் கணினிக்குச் செல்லாது என்பது என் தீர்ப்பு. அதை யாரும் அப்டேட் செய்வதில்லை. அப்டேட் என்ற பெயரில் ஏதாவது நடந்தால் அதுதான் ஆபத்து. தேவையான லைப்ரரிகளை நிரலோடு ஒரே கோப்பகத்தில் கட்டிக்கொண்டு போவதே அங்கே பொருந்தும்.

ஒரு விதிவிலக்கு: ஜிலிப்சி. அதை ஸ்டாடிக்காக இணைத்தாலும் பெயர்ச் சேவை போன்ற சில பகுதிகள் ஓடும்போது அதே பதிப்பின் பகிர்வு லைப்ரரியைத் தேடும். லிங்கர் அப்படி ஒரு எச்சரிக்கையும் கொடுக்கும், எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். ஆகவே ஜிலிப்சிக்கு வழி ஒன்றுதான்: ஓடப்போகும் கணினிகளில் மிகப் பழையது எதுவோ அதன் சூழலிலேயே கட்டுவது. பைத்தான் சமூகம் இதை 2016-இல் ஒரு விதியாகவே ஆக்கியது. தொகுப்புகளை சென்டோஸ் 5-இல் கட்ட வேண்டும் என்று தொடங்கி, பின்னர் சென்டோஸ் 7-க்கு ஏறி, இப்போது தொகுப்பின் பெயருக்குள்ளேயே ஜிலிப்சி எண்ணை எழுதிவிடுகிறார்கள். அதே பழைய சூழலை டாக்கருக்குள் வைத்துக்கொண்டால் ஹிஞ்சவடியின் மடிக்கணினி எவ்வளவு புதிதாக இருந்தாலும் கவலையில்லை. லைன் கணினியில் டாக்கரை ஓட்டச் சொல்லவில்லை. கட்டும் இடத்தில் மட்டும்.

இவை எதுவும் உதவாத ஓரிடம் மிஞ்சுகிறது. மூலநிரல் கிடைக்காத, விற்றவர் கைவிட்ட லைப்ரரி. கேமராவோ அளவீட்டு அட்டையோ நன்றாகவே வேலை செய்யும். அதனோடு வந்த லைப்ரரி 32 பிட், பழைய கம்பைலரில் கட்டியது. புதிய 64 பிட் நிரலோடு அதை எந்த லிங்கரும் இணைக்காது, பொருந்தாதது என்று ஒதுக்கிவிட்டுப் போகும். இங்கே இணைக்க முயல்வதையே விட்டுவிட வேண்டும். பழைய லைப்ரரியை மட்டும் தொடும் சின்ன 32 பிட் நிரல் ஒன்றை அந்தக் காலத்துக் கம்பைலரிலேயே கட்டி, அதை ஒரு தனிப் ப்ராசஸாக ஓடவிட்டு, முதன்மை நிரலோடு அதே கணினிக்குள் சாக்கெட் வழியாகப் பேச வைக்கலாம். படங்கள் பெரிதாக இருந்தால் சாக்கெட்டில் கட்டளைகளை மட்டும் அனுப்பி, படத்தைப் பகிர்வு நினைவகத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லைனின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இரண்டுக்கும் இடையே போகும் செய்தியில் முதல் நான்கு பைட்டுகளைப் பதிப்பு எண்ணுக்கு ஒதுக்கி, எண் வேறு என்றால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். சில வருடம் கழித்து கேமரா மாறும்போது அந்தச் சின்ன நிரலை மட்டும் தூக்கிப் போட்டால் போதும்.